செய்தியும் வாழ்க்கைத் திருப்பமும் சேர்ந்து பார்வையை மாற்றும்போது: அளந்து, சரிசெய்ய எட்டு வார வழிகாட்டி

பணி ஓய்வு பெற்று ஆறேழு மாதம் ஆனவர் இருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: "காலம் கெட்டுக் கெடக்கு. ஏழு மணிக்கு மேல எங்கயும் போகாத." அதே தெருதான், அதே விளக்குதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் மகளை இரவு ஒன்பது மணிக்கு டியூஷனிலிருந்து தனியாக வரச் சொன்னவர். தெரு மாறவில்லை. அவருடைய நாளின் வடிவம் மாறிவிட்டது. அந்த நாளுக்குள் வந்து விழும் செய்தியின் அளவும் மாறிவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் வைத்தியம் பலிக்காது. "டிவியை ஆஃப் பண்ணுங்கப்பா" என்று ரிமோட்டைப் பிடுங்கினால் கையில் போன் வரும். வெறுமனே "ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கோங்க" என்றால் காலையில் பூங்காவில் நடப்பார், மாலையில் அதே விவாத நிகழ்ச்சிக்குத் திரும்புவார். ஓய்வு பெற்றவருக்கு மட்டுமான கதை இல்லை இது. முதல் குழந்தை பெற்றவர், வேலை இழந்தவர், துணையை இழந்தவர், வெளிநாடு போனவர், நோயிலிருந்து எழுந்தவர் எல்லோருக்கும் பொருந்தும்.

தேவையானவை: 80 பக்க நோட்டு ஒன்று, பேனா, கைபேசி, முதல் இரண்டு வாரம் தினமும் 15 நிமிடம். அதன்பின் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரை ஊடக ஆய்வாளர்கள் மேக்ஸ்வெல் மெக்கோம்ஸும் டொனால்ட் ஷாவும் பேட்டி கண்டார்கள். நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் என்று அவர்கள் வரிசைப்படுத்தியவையும், ஊடகங்கள் அதிகம் பேசியவையும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்தன. 1972-இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைச் செய்தி தீர்மானிக்கிறது என்ற கருத்து வேரூன்றியது. அடுத்த ஆண்டே உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு விஷயம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. தொலைக்காட்சியை மிக அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாக எடைபோடுகிறார்கள் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் சொன்னதும் இதோடு சேரும்.

செய்தி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வு நல்ல சான்று. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதுபற்றிய செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடவும் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. மோசமான செய்தி ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு இணையதளம் சோதித்துப் பார்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை அலசிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், திறந்து படிப்பவர்களின் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. ஆசிரியர் குழுவில் கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வாழ்க்கைத் திருப்பம் வேறு வழியில் வேலை செய்கிறது. பெரும்பாலான மாற்றங்களுக்கு மனம் பழகிவிடும். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், திருமணத்தால் வந்த மகிழ்ச்சிக் கூடுதல் சில ஆண்டுகளில் சராசரியாகப் பழைய மட்டத்துக்குத் திரும்பியது. வேலையிழப்பில் அப்படித் திரும்பவில்லை. மறுபடி வேலை கிடைத்த பிறகும் பலருக்கு மனநிறைவு பழைய அளவுக்கு வரவில்லை. பங்குச் சந்தை படுத்துக்கிடந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் முதலீட்டில் எளிதில் துணிவதில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் உல்ரிகே மால்மென்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2011-இல் காட்டினார்கள். பட்ட அனுபவம் கண்ணாடி மாதிரி மூக்கிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டும் சந்திக்கும் இடம்தான் நமக்கு முக்கியம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். திருப்பம் ஆளை அரள வைக்கிறது, செய்தி இருட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

ஊடகம் கெடுதல் மட்டுமே செய்யும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை கேபிள் டிவி வந்தபோது நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் ஆராய்ந்தார்கள். கேபிள் வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரிதான் என்ற எண்ணம் பெண்களிடம் குறைந்தது. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதமும் குறைந்தது. அதே பெட்டி, அதே கம்பி. உள்ளே ஓடுவதைப் பொறுத்துப் பார்வை விரியவும் செய்யும், சுருங்கவும் செய்யும்.

படி 1: ஊகத்தை எழுதிவையுங்கள் (முதல் நாள், 20 நிமிடம்)

எதையும் குறைப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பிறகு செய்தால் பலனில்லை, ஏனென்றால் விடை தெரிந்த மனம் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லிவிடும். இணையத்தில் தேடாமல் பேனாவால் எழுதுங்கள்.

அ) 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள், பதிவான கொலைகளைப் போல எத்தனை மடங்கு?
ஆ) மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் 1992-ஐவிட 2022-இல் கொலைகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? எவ்வளவு?
இ) தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை எத்தனை?
ஈ) உங்கள் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், கடந்த 12 மாதத்தில் திருட்டோ சங்கிலிப் பறிப்போ நடந்த வீடுகள் எத்தனை? யார் வீடு என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

அடுத்து மூன்று மதிப்பெண், பூஜ்யத்திலிருந்து 10 வரை: ஐந்து வருடம் கழித்து என் குடும்பம் எப்படி இருக்கும்? ஐந்து வருடம் கழித்து நாடு எப்படி இருக்கும்? முன்பின் தெரியாதவரை எவ்வளவு நம்பலாம்?

குடும்பத்துக்கும் நாட்டுக்கும் போட்ட எண்களின் இடைவெளியைக் கவனியுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. குடும்பத்தைப் பற்றிய எண்ணம் நேரில் பார்ப்பதிலிருந்து வருகிறது. நாட்டை யாரும் முழுசாக நேரில் பார்ப்பதில்லை. அந்த எண் பெரும்பாலும் செய்தியிலிருந்து வருகிறது. குடும்பத்துக்கு 7, நாட்டுக்கு 3 என்றால் செய்தியின் கை ஓங்கியிருக்கிறது. படி 4, 5, 6-இல் அதிக நேரம் செலவிடுங்கள். இரண்டுமே 3 என்றால் வாழ்க்கைத் திருப்பம்தான் முதலில் பார்க்க வேண்டியது; படி 7-க்கு முன்னுரிமை கொடுங்கள். குடும்பம் 3, நாடு 7 என்று வருவது அபூர்வம். வந்தால், சொந்தக் கஷ்டத்திலிருந்து ஒதுங்க அரசியலிலோ கட்சி அபிமானத்திலோ ஒருவர் அடைக்கலம் தேடுகிறாரா என்று பாருங்கள்.

படி 2: திருப்பங்களின் கோடு

நோட்டை அகலவாக்கில் திருப்பி ஒரு கோடு இழுத்து மூன்று வருடமாகப் பிரியுங்கள். கோட்டுக்கு மேலே வீட்டில் நடந்தவை: ஓய்வு, பிரசவம், சாவு, வீடு மாறியது, கடன், அறுவை சிகிச்சை, பிள்ளை வெளியூர் போனது. கோட்டுக்குக் கீழே செய்திப் பழக்கத்தில் நடந்தவை: ஸ்மார்ட்போன் வாங்கியது, புதிய வாட்ஸ்அப் குழு, பேப்பரை நிறுத்தியது, யூடியூப் பார்க்கத் தொடங்கியது, எந்த சேனல் எப்போதிலிருந்து.

மேலே ஒரு புள்ளி இருக்கும் இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் கீழே ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே பள்ளித் தோழர்கள் குழுவில் சேர்ந்திருப்பார். குழந்தை பிறந்தபின் நள்ளிரவில் பால் கொடுக்கும் நேரம் போன் பார்க்கும் நேரமாகியிருக்கும். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் வேண்டும் என்பதற்காகவே டிவி காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குரலை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், அது எந்த வெற்றிடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் படியில் கருணை வேண்டும், அவசரம் கூடாது.

பலர் சாவையும் ஓய்வையும் எழுதுவார்கள், நல்லவற்றை விட்டுவிடுவார்கள். மகள் கல்யாணம், பதவி உயர்வு, சொந்த வீடு எல்லாமே நாளின் வடிவத்தை மாற்றுபவைதான். அவற்றையும் எழுதுங்கள்.

படி 3: ஏழு நாள் கணக்கு

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். ஐந்து பத்தி: நேரம், எங்கிருந்து வந்தது, எத்தனை நிமிடம், தேடிப் போனதா தானாக வந்ததா என்பது, மனநிலை பார்ப்பதற்கு முன்னால் எத்தனை பின்னால் எத்தனை (10-க்கு) என்பது. எழுதச் சோம்பல் வராமலிருக்க ஓரெழுத்து வையுங்கள்: பேப்பர் ப, டிவி டி, வாட்ஸ்அப் வா, யூடியூப் யூ. டீக்கடை, பஸ், நடைப்பயிற்சியில் கேட்ட பேச்சுக்கு பே. கடைசி வகையை விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் செய்தியைவிடச் செய்தியைப் பற்றிய பேச்சுதான் ஆளை அதிகம் அசைக்கிறது.

பழுதாகும் இடங்கள் நான்கு. ராத்திரி படுக்கும் முன் மொத்தமாக எழுதினால் நிமிடங்கள் பாதியாகக் குறைந்துவிடும், அப்போதைக்கப்போது எழுத வேண்டும். சமைக்கும்போது பின்னால் ஓடும் டிவியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, சேருங்கள். கணக்கு எழுதுகிறோம் என்பதாலேயே முதல் இரண்டு நாள் பார்ப்பது குறையும், அதனால் சராசரியை மூன்றாம் நாளிலிருந்து போடுங்கள். தேர்தல் முடிவோ புயலோ வந்த வாரம் என்றால் அந்தக் கணக்கைத் தனியே வைத்துவிட்டு இன்னொரு வாரம் எழுதுங்கள். போனில் செலவான நேரத்துக்கு ஞாபகத்தை நம்ப வேண்டாம், அமைப்புகளுக்குள் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று போனே காட்டும்.

கூட்டிப் பாருங்கள். பேப்பர் 35 நிமிடம், டிவி 110, யூடியூப் 40, வாட்ஸ்அப் 25 என்றால் நாளுக்கு 210 நிமிடம். வாரத்துக்கு இருபத்து நாலரை மணி நேரம். ஏழு நாளில் ஒரு முழு நாள். ஆனால் மொத்தத்தைவிட, தானாக வந்தது எவ்வளவு என்பதைத்தான் பாருங்கள். பாதிக்கு மேல் தானாக வந்திருந்தால் உங்கள் செய்தியை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்து, மனம் மூன்று புள்ளிக்கு மேல் இறங்கிய வரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள். பெரும்பாலும் அவை ஒரே நேரத்தில் அல்லது ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும். அந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 4: ஒரு அரை மணி நேரத்தை அறுத்துப் பார்ப்பது

இரவு எட்டு மணிச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சேனலாகவும் இருக்கலாம். தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் புதிய தகவல் வரும்போதெல்லாம் ஒரு குச்சி, வலப்பக்கம் சொன்னதையே மறுபடி சொல்லும்போது ஒரு குச்சி.

ஒரு நகைக்கடை வாசலில் நடந்த அடிதடியின் சிசிடிவி காட்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காட்சியின் நீளம் 14 வினாடி. செய்தியாளர் போன் இணைப்பில் நான்கு நிமிடம் பேசுகிறார். அவர் பேசி முடிக்கும் வரை அந்தக் காட்சி 17 தடவை ஓடும். சிவப்பு வட்டம் போட்டு ஒரு தடவை, வேகம் குறைத்து ஒரு தடவை, பெரிதாக்கி ஒரு தடவை. கீழே ஓடும் வரியில் அதே சம்பவம், பக்கத்துப் பெட்டியில் அதே சம்பவம், எட்டரைக்குத் தலைப்புச் செய்தியில் மறுபடியும். நடந்தது ஒன்று. கண் பார்த்தது இருபதுக்கு மேல். சுலபமாக நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எண்ணும் என்றோமே, அந்தச் சுலபம் தயாராகும் இடம் இதுதான்.

அந்தக் காட்சியில் ஊர்ப் பெயரும் தேதியும் எங்கே வந்தன என்று தேடுங்கள். சில சமயம் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், சில சமயம் வேறு மாநிலமாக இருக்கும். ஊர்ப் பெயரைக் கவனிக்காமல் பார்த்தால் அது உங்கள் தெருவுக்கே நடந்த மாதிரி பதிந்துவிடும்.

விவாத நிகழ்ச்சிக்கு வேறு அளவுகோல் வேண்டும். யாராவது ஒரு அரசாணை, தேதி, தொகை, சட்டப் பிரிவு சொன்னால் இடப்பக்கம். "இவர்களின் உள்நோக்கம்" என்று தொடங்கினால் வலப்பக்கம். ஒரு மணி நேரத்தில் இடப்பக்கக் குச்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பேப்பர் என்றால் பேனாவை எடுத்து "பரபரப்பு", "அதிர்ச்சி", "பதற்றம்", "பயங்கரம்", "கொந்தளிப்பு" ஆகியவற்றை மட்டும் அடித்துவிட்டுத் தலைப்பைப் படியுங்கள். "பட்டப்பகலில் பயங்கரம்: பொதுமக்கள் அதிர்ச்சி" என்ற தலைப்பில் மிஞ்சுவது "பட்டப்பகலில்", "பொதுமக்கள்" என்ற இரண்டு சொல். என்ன நடந்தது என்று அதில் இல்லை. "குடிநீர்க் கட்டணம் ஏப்ரல் முதல் உயர்வு" என்ற தலைப்பில் அடிக்க எதுவும் கிடைக்காது. ஒரு வாரம் இப்படிப் படித்தால் பேனா இல்லாமலே கண் தன்னால் அடித்துவிடும். மாவட்டப் பக்கத்தில் நகராட்சிக் கூட்டத்தையும் கால்வாய் ஆக்கிரமிப்பையும் விடாமல் எழுதும் நிருபர்களின் வேலை எவ்வளவு மதிப்பானது என்பதும் அப்போதுதான் தெரியும்.

படி 5: வகுத்துப் பார்ப்பது

செய்தி பின்னத்தின் தொகுதியைச் சொல்லும், பகுதியைச் சொல்லாது. இத்தனை பேர் இறந்தார்கள் என்றால் எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும். இனி முதல் படியின் விடைகள்.

2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அதே ஆண்டு பதிவான கொலை வழக்குகள் 28,522. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தெரியாத ஆளைப் பார்த்துப் பயப்படும் அப்பா, ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் காய்கறி வாங்கப் போனால், பயம் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கொலை விகிதம் 1992-இல் லட்சம் பேருக்கு 4.6 என்ற அளவில் இருந்தது, 2022-இல் 2.1. தமிழ்நாட்டில் 2020-இல் 1,000 பிறப்புக்கு 13 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன, அகில இந்திய அளவில் 28. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே இது நூறைத் தாண்டியிருந்தது. நான்காம் கேள்விக்கு விடை உங்கள் தெருவில்தான் இருக்கிறது.

வகுத்துப் பார்ப்பதிலும் ஏமாறலாம். இந்தியாவில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-இல் 24,923, 2013-இல் 33,707. ஒரே ஆண்டில் குற்றம் அவ்வளவு பெருகியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு புகார் கொடுக்கும் துணிவு கூடியது, 2013-இல் சட்டத்தின் வரையறையும் விரிந்தது. பதிவான எண் கூடுவது சில சமயம் நல்ல சேதி. எண் குறைவாக இருப்பது சில சமயம் காவல் நிலையப் படி ஏற அஞ்சுகிறார்கள் என்பதன் அடையாளம். அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கை போல மறைக்க முடியாத கணக்குகளை அதிகம் நம்புங்கள். வழக்குப் பதிவைப் பொறுத்த கணக்குகளை நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. துக்கத்தில் இருப்பவர் முன்னால் விகிதம் பேசாதீர்கள். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் லட்சத்தில் பன்னிரண்டு என்ற கணக்குக்கு இடமில்லை.

படி 6: நேரத்தையும் வழியையும் மாற்றுவது (மூன்றாம் வாரம் முதல்)

அடியோடு நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்கள் பலர் சில நாளில் பழையபடி திரும்பிவிடுவார்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஏறும்போது தெரியாமல் இருப்பதும் ஆபத்து.

நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 20 முதல் 25 நிமிடம். காலையில் பேப்பர், மாலை ஏழு மணிக்கு முன் ஒரு செய்தித் தொகுப்பு. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எதுவும் வேண்டாம். பேப்பரைப் பின்னாலிருந்து திறந்து, மாவட்டப் பக்கத்தை முதலில் படியுங்கள். செய்திச் செயலிகளின் அறிவிப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் பெரிய மாற்றத்தைத் தருவது இதுதான், ஏனென்றால் இறங்கிக் கிடக்கும் வீடியோவைத் தொடாமல் விட யாராலும் முடியாது. யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அணைத்து, பழைய பார்வை வரலாற்றை ஒருமுறை அழித்துவிடுங்கள். மறுநாள் முகப்புப் பக்கமே வேறாக இருக்கும்.

பெரிய துயரச் சம்பவம் நடந்தால்: உண்மையை ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள், காட்சியைப் பார்க்காதீர்கள், 48 மணி நேரம் கழித்து முழுக்கட்டுரை படியுங்கள். முதல் நாள் வரும் எண்ணும் பெயரும் பல சமயம் மாறிவிடும். புயல், வெள்ளம் என்றால் விதி வேறு: வானிலை மையத்தின் அறிவிப்பையும் மாவட்ட நிர்வாகத்தையும் மட்டும் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இந்த எண்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊரை விட்டு வந்தபின் ஊர் செய்தியாக மட்டுமே வந்து சேர்கிறது. வெள்ளமும் கொலையும் வரும், சாயங்காலக் காற்று வராது. வாரம் இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சாதாரணக் கேள்விகள் கேளுங்கள்: தக்காளி என்ன விலை, கரண்ட் எப்போ போச்சு, எதிர் வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான். இரண்டு மாதத்தில் ஊர் பழைய உருவத்துக்குத் திரும்பும்.

படி 7: காலியான இடத்தில் வேறொன்றை வைப்பது

குறைத்த இரண்டு மணி நேரம் சும்மா இருக்காது. ஓய்வு பெற்றவருக்குப் போனது சம்பளம் மட்டுமா? காலை பத்து மணிக்கு யாரோ ஒருவர் "சார், இதைப் பாருங்க" என்று பேப்பரை நீட்டுவது போய்விட்டது. செய்தி அந்த இடத்தில் அவருக்கு ஒரு கருத்துச் சொல்லும் பதவியைத் தருகிறது. அதனால் மாற்றாக வைப்பதில் இரண்டு குணம் வேண்டும்: யாரோ அவரை எதிர்பார்த்திருக்க வேண்டும், அவர் செய்ததன் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தனியாக நடப்பதும் சுடோகு போடுவதும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இந்த இடத்தை அவை நிரப்பாது.

நிரப்பக்கூடியவை: அரசுப் பள்ளியில் வாரம் இரண்டு மாலை கணக்குச் சொல்லித்தருவது. தெரு விளக்கு, குப்பை, கால்வாய் பற்றி மனு எழுதி ரசீது வாங்கி ஒரு கோப்பில் வைப்பது. கிராமம் என்றால் கிராம சபை: தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வரவு செலவு அங்கே கேட்கலாம். நாடு கெட்டுவிட்டது என்று வருந்துபவர் தன் பஞ்சாயத்தின் குடிநீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று கேட்டு விடை வாங்கினால், அந்த வருத்தத்துக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிறது.

புதிதாகத் தாயானவருக்குச் செயல்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டும். குழந்தை தொடர்பான குற்றச் செய்திகளை ஆறு மாதத்துக்கு வீட்டில் வேறு யாராவது வடிகட்டட்டும். வேலை இழந்தவர் தொழில்துறை வீழ்ச்சிச் செய்திகளைத் தினமும் பார்க்காமல், வாரம் ஒருமுறை ஒரே உட்காரலில் பார்ப்பது நல்லது.

படி 8: வீட்டில் பேசுவது

குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் பெரியவர் விட்டுக்கொடுக்க மாட்டார். மானப் பிரச்சினை ஆகிவிடும். தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வியாகக் கேளுங்கள். "அப்பா, இது எந்த ஊர்ல நடந்துச்சாம்?" "எப்போ நடந்ததுன்னு போட்டிருக்காங்களா, மாமா?" ஊரும் தேதியும் இல்லை என்று அவரே பார்க்கட்டும். பிறகு வீடியோவை நிறுத்தி ஒரு படம் பிடித்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுக் காட்டுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். யூடர்ன் போன்ற தமிழ்ச் சரிபார்ப்புத் தளங்களிலும் தேடலாம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அனுப்பியவர் உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம், சொன்னவர் யாரோ.

ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று தோன்றினால் இரண்டு சம்பவங்களை நினையுங்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவிக்கிடந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்ணை ஊரே அடித்துக் கொன்றது. குலதெய்வம் கும்பிட வந்தவர் அவர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிப்பதாக வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. காவல்துறை விளக்கியபடி அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள் நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டி ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். சொந்த ஊரை விட்டுப் புதிய மொழிக்குள் வந்திருந்த அவர்களுக்கு அந்த வீடியோ என்ன செய்திருக்கும் என்பதை, வெளியூரில் பிழைத்தவர் எவரும் உணர்வார்.

வாரம் ஒரு விஷயத்துக்கு மேல் திருத்தாதீர்கள். அவர் சொன்னதில் சரியாக இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 9: எட்டாம் வாரம், மறுபடி அளப்பது

முதல் நாள் பக்கத்தை மூடிவைத்துவிட்டு மூன்று மதிப்பெண்களையும் புதிதாகப் போடுங்கள். மூன்று நாள் கணக்கும் எழுதுங்கள். குடும்பத்துக்கும் நாட்டுக்குமான இடைவெளி ஒன்றிரண்டு புள்ளி குறைந்திருந்தால் போதும். நாட்டுக்கு 9 போட ஆரம்பித்தால் செய்தியிலிருந்து அளவுக்கு மீறி விலகிவிட்டீர்கள்; தண்ணீர், சாதி, கூலி என்று கவலைப்பட வேண்டிய நிஜங்கள் அப்படியே இருக்கின்றன.

செய்தி நேரம் பாதியானபின்னும் குடும்ப எண் அசையவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஈடுபாடில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். போனில் மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். துணையை இழந்தவர்களிடம் இந்த அறிகுறிகளைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கடைசிப் பக்கத்தில் அடுத்த இரண்டு வருடத்தில் வரப்போவதாகத் தெரிந்த திருப்பங்களைத் தேதியோடு எழுதுங்கள்: மகன் வெளியூர்ப் படிப்பு, அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, உங்கள் ஓய்வு நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த மாதம் காலியாகப் போகும் மணி நேரங்களையும் அதில் யார் உங்களை எதிர்பார்த்திருப்பார்கள் என்பதையும் குறித்து, மூன்று மாதம் முன்னதாகவே அவரிடம் பேசிவையுங்கள்.